பதிவேட்டின் முதற் பெயர்

நம் காலனியில் தாதித் தொழில் புரியும் பெண்மணிகள் சிலர் உளர். தமிழ்நாட்டில் பயின்று, அங்கே பதிவு பெற்று, திருமணத்தாலோ வேலை மாற்றத்தாலோ இவ்வூர் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தாதி, புதிய மாநிலத்தின் தாதியர் மன்றத்தில் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் அறிந்த செய்தி. சான்றிதழ், பழைய பதிவெண், ஆட்சேபணையின்மைக் கடிதம் என்று காகிதங்களைத் திரட்டி அலுவலகப் படிகளை ஏறி இறங்கும்போது, இவையெல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதவர் இரார். நமக்கும் அந்த அலுப்பு விளங்காமலில்லை. ஆயினும் அந்தக் காகிதத்திற்காக ஓர் அம்மையார் தம் வாழ்நாளில் முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளைச் செலவிட்டார் என்பதை நம்முள் பலர் அறியோம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை உலகம் முழுதும் அறியும். தாதியர் பள்ளியில் வரலாற்றுப் பாடம் படித்தவர்கள் மற்றொரு பெயரையும் அறிவர். அதுவே பெட்போர்டு பென்விக் அம்மையார் என்னும் பெயர். இவ்விருவரும் நேர் எதிர் அணியில் நின்றார்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

அம்மையாரின் இயற்பெயர் எத்தல் கார்டன் மான்சன். ஸ்காட்லாந்தின் வடபகுதியில் எல்ஜின் நகருக்கு அண்மையிலுள்ள ஸ்பைனி என்னும் இடத்தில், 1857-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26-ஆம் நாள் பிறந்தார். நம் நாட்டில் சிப்பாய்ப் புரட்சி மூண்ட ஆண்டு அது. அறியாப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாயார் ஜார்ஜ் ஸ்டோரர் என்பவரை மறுமணம் புரிந்துகொண்டார். ஸ்டோரர் நாட்டிங்காம் வட்டாரத்து நிலக்கிழார். பார்லிமெண்டு உறுப்பினராகவும் விளங்கியவர். எனவே சட்டம் இயற்றும் சபையின் நடைமுறைகள் எத்தலுக்குச் சிறு வயதிலேயே வீட்டுப் பேச்சாக இருந்தன. வறுமை அறியாத குடும்பம். வேலைக்குப் போய்ப் பொருளீட்ட வேண்டிய நிலையும் இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மையாரின் ஆற்றலுக்கும் இதுவே காரணம். பிற்காலத்தில் அவர்மீது எழுந்த குறைகளுக்கும் இதுவே காரணம்.

21-ஆம் வயதில் நாட்டிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். சம்பளம் பெறும் மாணவியாக அன்று. தாமே பணம் கட்டிப் பயிலும் மாணவியாக. பின்னர் மான்செஸ்டர் அரசர் மருத்துவமனையில் ஓராண்டு பயின்றார். 1879-இல் கிழக்கு லண்டனில் ஏழைத் தொழிலாளர் வாழும் ஒயிட்சாப்பல் பகுதியிலுள்ள லண்டன் மருத்துவமனையில் ஒரு வார்டின் ஸிஸ்டரானார். 1881-இல் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்கு மேட்ரன் பதவி காலியாயிற்று. 1123-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் மருத்துவமனை அது. லண்டன் மக்கள் அதனைப் பார்ட்ஸ் என்று சுருக்கி அழைப்பர். அப்பதவிக்கு எத்தல் மான்சன் விண்ணப்பித்துத் தேர்வும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 24. வார்டுகளில் அவரைவிட இரு மடங்கு வயதுள்ள ஸிஸ்டர்கள் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பெண்ணின் துணிவு ஒருவாறு புலப்படும்.

பார்ட்ஸில் இருந்த ஆறாண்டுகளில் அவர் செய்த மாறுதல்களுள் தலையாயது பயிற்சிக் காலத்தை மூன்றாண்டாக உயர்த்தியது. மூன்றாண்டு பயின்று தேறியவருக்கே சான்றிதழ் என்று ஒழுங்கு செய்தார். இன்று இது வியப்பாகத் தோன்றாது. அன்றைய நிலையோ வேறு. இங்கிலாந்தில் தாதியர் பயிற்சிக்குப் பொது விதி ஒன்றும் இல்லை. ஒரு மருத்துவமனையில் மூன்றாண்டு, மற்றொன்றில் இரண்டாண்டு, வேறொன்றில் ஓராண்டு, சிற்றூர் மருத்துவமனைகளிற் சில திங்கள் என்று மனம் போனபடி நடந்தது. பயிற்சி முடியுமுன்பே மாணவிகளைத் தனியார் இல்லங்களுக்குப் பயின்ற தாதி என்று அனுப்பி, நோயாளியின் வீட்டார் தரும் கூலியைத் தங்கள் நிதியிற் சேர்த்துக்கொண்ட மருத்துவமனைகளும் உண்டு. பயிற்சியே இல்லாதவளும், ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவளும்கூட ஒரு தொப்பியும் மேலங்கியும் வாங்கி அணிந்துகொண்டு நர்ஸ் என்று சொல்லிக்கொண்டால், அவளைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. நோயாளியின் படுக்கையருகே நள்ளிரவில் தனியே விழித்திருப்பவள் யார், அவள் என்ன கற்றவள் என்பதை அவ்வீட்டார் அறிய வழியே இல்லை.

மருத்துவர்களின் நிலை இதற்குள் சீர்பட்டிருந்தது. 1858-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தால் அவர்களுக்கு ஒரு பொது மன்றமும் பதிவேடும் கிடைத்திருந்தன. போலி வைத்தியன் தொழில் செய்வதை அச்சட்டம் அறவே தடுத்துவிடவில்லை. ஆனால் தகுதியுள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதைப் பொதுமக்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்து அறிந்துகொள்ள முடிந்தது. மருத்துவருக்கு உள்ள இந்த ஏடு தாதிக்கு ஏன் இருக்கக் கூடாது என்பதே எத்தல் மான்சனின் கேள்வி.

1887-இல் அவர் மருத்துவர் பெட்போர்டு பென்விக்கை மணந்தார். மணமான பெண் மேட்ரனாக இருப்பதில்லை என்பது அக்கால வழக்கம். ஆகவே பதவியை விட்டு விலகினார். முப்பது வயதிலேயே அவருடைய மருத்துவமனைப் பணி முடிந்துவிட்டது. இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. பார்ட்ஸ் மேட்ரனாகவே அவர் முதுமை வரை இருந்திருந்தால் ஒரு மருத்துவமனைக்கு நல்ல நிர்வாகி கிடைத்திருப்பார், அவ்வளவே. வேலையை இழந்ததனால்தான் அவருக்கு நேரம் கிடைத்தது. கணவரோ மனைவியின் நோக்கத்தைத் தமதாகக் கொண்டு, மருத்துவர் வட்டாரத்தில் அவருக்காக வாதாடியவர். அப்பர் விம்போல் தெருவிலிருந்த அவர்களுடைய இல்லம் இயக்கத்தின் அலுவலகமாகவே மாறிற்று.

அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் தாதியர் சங்கம் தோன்றியது. விக்டோரியா மகாராணியாரின் புதல்வி ஹெலனா இளவரசியார் தலைமை ஏற்றார். சங்கம் பிறந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு பிணக்கு. ஹென்றி பர்டெட் என்பவரின் முயற்சியால் தோன்றிய மருத்துவமனைகள் சங்கம் ஏற்கனவே ஒரு பதிவேடு பற்றி ஆலோசித்து வந்தது. ஓராண்டு பயிற்சி பெற்றவரையும் அதிற் சேர்க்கலாம் என்பது அவர்கள் கருத்து. மூன்றாண்டுக்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ள முடியாது என்றார் பென்விக் அம்மையார். ஓராண்டா, மூன்றாண்டா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு அது பணக் கேள்வி. ஏனெனில் பயிலும் பெண்களின் மலிவான உழைப்பினாலேயே வார்டுகள் நடந்து வந்தன. அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. தம் அணியினரைத் தனியே அழைத்துக்கொண்டு வெளியேறித் தனிச் சங்கம் கண்டார். அவர் வாழ்வு முழுதும் இந்தக் குணத்தைக் காணலாம்.

இனி எதிர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்த்தவர்களில் முதன்மையானவர் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போர்க்களத்தில் விளக்கேந்திய அந்தப் பெருமாட்டி, அப்போது 67 வயதைக் கடந்து, பெரும்பாலும் அறையை விட்டு வெளிவராமல் வாழ்ந்து வந்தார். ஆயினும் அவர் எழுதும் கடிதம் ஒன்று அமைச்சரவையை அசைக்கவல்லது. தாதியர் தொழிலை இழிநிலையினின்று உயர்த்தியவரே அத்தொழிலுக்குச் சட்ட மதிப்பு வருவதை ஏன் எதிர்த்தார்? அவர் கூறிய காரணங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தாதிக்கு வேண்டிய முதல் தகுதி ஒழுக்கமும் பரிவுமே; அவற்றைத் தேர்வுத் தாளில் எழுதிக் காட்ட முடியாது என்றார். ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அது என்றும் நிலைத்துவிடும். இன்று நல்ல தாதியாக இருப்பவள் பத்தாண்டு கழித்தும் அவ்வாறே இருப்பாள் என்பதற்கு ஏடு எப்படி உறுதி கூறும் என்று வினவினார். தன் தாதியை அறிந்தவள் அவளுடைய மேட்ரனே. அந்த நேரடி அறிவை விடுத்து முன்பின் காணாத குழு ஒன்று முத்திரை குத்துவதில் பயனில்லை என்பதும் அவர் வாதம். எல்லா மருத்துவமனைகளும் ஒரு நிலைக்கு வரவேண்டும். அதற்கு இன்னும் ஒரு தலைமுறை பொறுக்க வேண்டும் என்றும் கருதினார். லண்டன் மருத்துவமனை மேட்ரனாகிய ஈவா லூக்கஸ் அம்மையாரும் அவர் பக்கமே நின்றார்.

நம்முடைய கருத்தைக் கேட்டால், நைட்டிங்கேல் அம்மையார் சொன்னதில் உண்மை உண்டு என்போம். பரிவைப் பதிவு செய்ய இயலாது. ஆனால் அவர் மனத்தில் இருந்தது மேட்ரனின் கண் பார்வையில் வார்டில் வேலை செய்யும் தாதி. பென்விக் அம்மையாரின் மனத்தில் இருந்தவளோ, முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத வீட்டில், தனியே நிற்கும் தாதி. அவளை அறிந்த மேட்ரன் அங்கே இல்லை. அவள் கையிலுள்ள காகிதம் ஒன்றே அவளுக்காகப் பேச வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்த இரண்டாவது வாதத்தின் வலிமை சொல்லாமலே விளங்கும்.

சங்கம் அரச சாசனம் வேண்டி பிரிவி கவுன்சிலை அணுகிற்று. இரு தரப்பிலும் வழக்கறிஞர்கள் வாதிட்டனர். 1893-இல் சாசனம் கிடைத்தது, ஆயினும் பதிவேடு என்னும் சொல் அதில் இல்லை. தாதியரின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்தது. பட்டியல் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சட்ட வலிமை இல்லை. வெற்றி போல் தோன்றி வெறுங்கையாக முடிந்த நிகழ்ச்சி இது.

நிற்க. அம்மையாரின் பார்வை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. நம் விவேகானந்தர் சொற்பொழிவாற்றிய சர்வமதப் பேரவை கூடியதும் அக்கண்காட்சியை ஒட்டியே. அங்கே பிரிட்டிஷ் தாதியர் பகுதியை அமைக்கும் பொறுப்பு அம்மையாருடையதாயிற்று. அதன் பொருட்டு அமெரிக்கா சென்றபோது அந்நாட்டுத் தாதியர் தலைவியருடன் அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. அந்த நட்பின் பயனாக 1899-இல் உலகத் தாதியர் கவுன்சில் தோன்றியது. 1904 வரை அதன் முதல் தலைவர் அவரே. நம் நாட்டில் 1908-இல் தோன்றிய பயின்ற தாதியர் சங்கமும் 1912-இல் அக்கவுன்சிலில் இணைந்தது. அதே 1893-இல் நலிந்திருந்த தாதியர் வார இதழ் ஒன்றைத் தம்பதியர் விலைக்கு வாங்கினர். 1902-இல் பிரிட்டிஷ் தாதியர் இதழ் என்று பெயர் மாறிய அப்பத்திரிகையை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அம்மையாரே நடத்தி வந்தார். எதிரிகளை அதில் அவர் விட்டுவைத்ததில்லை. பெயர் சொல்லித் தாக்குவார், வாரந்தோறும் தாக்குவார். ஆதரிக்க எண்ணியிருந்த சிலரும் அந்தக் காரத்தைக் கண்டு ஒதுங்கியதுண்டு.

சொந்தச் சங்கத்திலேயே அவருக்குச் செல்வாக்குக் குறைந்தது இக்காலத்தில்தான். மருத்துவர்கள் நிர்வாகத்தைக் கைப்பற்றினர். அம்மையார் ஆட்சிக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். 1896-இல், சட்டப்படியான பதிவு விரும்பத்தக்கதன்று என்னும் தீர்மானத்திற்குச் சங்கத்தின் பேராளர்களே வாக்களிக்கும் அளவுக்கு நிலைமை தலைகீழாயிற்று. பதிவுக்காகவே பிறந்த சங்கம் பதிவை மறுத்தது! வேறொருவராயின் அத்துடன் ஓய்ந்திருப்பார். அம்மையாரோ 1902-இல் அரசுப் பதிவுக்கென்றே புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பார்ட்ஸில் அவருக்குப் பின் மேட்ரனாக வந்த ஐலா ஸ்டூவர்ட் அம்மையார் அவருடன் தோளோடு தோள் நின்றார்.

இதற்கிடையில் பேரரசின் வேறு பகுதிகள் முந்திக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில், கிம்பர்லி நகரத் துறவியாகிய ஹென்றியெட்டா ஸ்டாக்டேல் என்பவரின் முயற்சியால் 1891-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தாதியருக்கு அரசுப் பதிவு கிடைத்துவிட்டது. நியூஸிலாந்து 1901-இல் தாதியர் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலேயே மருத்துவச்சியருக்கு 1902-இல் சட்டம் வந்தது. பிரசவம் பார்ப்பவளுக்கு உள்ள சட்டம் நோயாளியைப் பார்ப்பவளுக்கு இல்லை என்னும் விந்தை நிலை ஏற்பட்டது.

1904-இல் காமன்ஸ் சபை ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. இரு தரப்பினரும் சாட்சியம் அளித்தனர். 1905-இல் குழு அரசுப் பதிவேடு வேண்டும் என்றே அறிக்கை தந்தது. அறிக்கை தூங்கிற்று. 1908-இல் பிரபுக்கள் சபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றிக் காட்டியவர் ஆம்ப்டில் பிரபு. இப்பெயர் நமக்குப் புதிதன்று. 1900 முதல் 1906 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவரும், 1904-இல் சில திங்கள் வைஸ்ராய் பொறுப்பை வகித்தவரும் அவரே. சென்னைக் கோட்டையிலிருந்து ஊர் திரும்பிய பிரபு, தாதியருக்காக வாதாடினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் பிரபுக்கள் சபையில் வென்ற மசோதாவைக் காமன்ஸ் சபை எடுத்துக்கொள்ளவே இல்லை. அதன்பின் முதல் உலகப் போர் வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் மசோதா வரும். நேரமில்லை என்று மடியும். அம்மையாருக்கு இதன் காரணம் தெளிவாகத் தெரிந்தது. தாதியர் பெண்கள், பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. வாக்கில்லாதவரின் மசோதாவுக்கு நேரம் ஒதுக்கப் பார்லிமெண்டு உறுப்பினருக்கு என்ன அவசரம்? ஆகவே அவர் பெண் வாக்குரிமை இயக்கத்திலும் பங்கு கொண்டார்.

1914-இல் போர் மூண்டது. சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற நல்லெண்ணமுள்ள சீமாட்டிகள் ஆயிரக்கணக்கில் வெள்ளை உடை தரித்துப் போர் மருத்துவமனைகளிற் புகுந்தனர். அவர்களுடைய தொண்டு பெரிது; அதை மறுக்கலாகாது. ஆனால் மூன்றாண்டு இரவும் பகலும் பயின்ற தாதிக்கும், மூன்று வாரம் கட்டுப்போடக் கற்ற சீமாட்டிக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லாமற் போயிற்று. போர் முடிந்து இவர்கள் அனைவரும் தாதியர் என்று தொழிலில் நுழைந்தால் என்னாவது என்னும் அச்சம், அதுவரை பதிவை எதிர்த்த மேட்ரன்களையும் பற்றிக்கொண்டது. 1916-இல் தாதியர் கல்லூரி என்னும் பெயரில் மற்றோர் அமைப்பு தோன்றிற்று. அதுவும் பதிவையே கேட்டது. ஆனால் அம்மையார் வகுத்த வழியில் அன்று. குறிக்கோள் ஒன்றாக இருந்தும் இரு தரப்பும் இணங்கவில்லை. 1919-இல் இரு தரப்பு மசோதாக்களும் ஒன்றையொன்று மறித்து நிற்க, சுகாதார அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் இரண்டையும் ஒதுக்கிவிட்டு அரசின் மசோதாவைத் தாமே கொண்டுவந்தார். அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் அது சட்டமாயிற்று. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1918-இல் என்பதையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

சட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்வோம். பொதுத் தாதியர் மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் உறுப்பினர் 25 பேரில் 16 பேர் தாதியராக இருத்தல் வேண்டும். மன்றம் பாடத்திட்டத்தையும் தேர்வையும் வகுக்கும்; பதிவேட்டை வைத்திருக்கும்; தவறு செய்தவர் பெயரை நீக்கும். பொதுப் பகுதி ஒன்றும், ஆண் தாதியர், மனநோய்த் தாதியர், குழந்தைத் தாதியர் முதலியோருக்குத் தனிப் பகுதிகளும் ஏட்டில் உண்டு. ஏற்கனவே தொழிலில் இருந்தவர்கள் தேர்வின்றிச் சேர இடைக்காலச் சலுகை தரப்பட்டது. பதியாதவர் தாதி வேலை செய்யக் கூடாது என்று சட்டம் கூறவில்லை; பதிந்த தாதி என்று பொய் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் தடை. பேரரசின் பிற பகுதிகளிற் பதிவு பெற்றவரையும் சேர்த்துக்கொள்ள ஒரு பிரிவு இடம் தந்தது. ஆனால் அந்தப் பகுதியிலும் இதற்கு இணையான பதிவு இருக்க வேண்டும். இங்கிலாந்துத் தாதியை அவர்களும் ஏற்க வேண்டும். நம் மாகாணங்களிற் பதிவுச் சட்டங்கள் பிறந்ததற்கு இந்தப் பிரிவும் ஒரு தூண்டுதல் என்று நாம் கருதுகிறோம்.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பதிவேடு திறக்கப்பட்டது. அதில் முதல் எண்ணுக்குரியவர் எத்தல் கார்டன் பென்விக். அப்போது அவருக்கு வயது 64. வார்டை விட்டு விலகி 34 ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி எந்த நோயாளிக்கும் அவர் மருந்து கொடுக்கப் போவதில்லை. அந்த எண்ணால் அவருக்கு ஒரு காசு வருவாயும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். முடியவில்லை. மன்றத்தின் பதிவுக் குழுவுக்கு அம்மையாரே தலைவர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அவர் துருவித் துருவி ஆராய்ந்தார். சான்றிதழில் ஐயம் என்றால் திருப்பி அனுப்பினார். போலிகள் நுழையக் கூடாது என்று முப்பதாண்டு போராடியவர் வாயிலில் நின்றால் வேறென்ன செய்வார்? ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் தேங்கின. ஒரு கின்னி கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருந்த தாதியர் பொறுமை இழந்தனர். கல்லூரி அணியினர் அவர்மீது குற்றம் சாட்டினர். 1921-ஆம் ஆண்டின் இறுதியில் மன்றத் தலைவர் உட்படப் பெரும்பான்மையோர் பதவி விலகினர். அரசு தலையிட்டது; விதிகள் எளிமையாக்கப்பட்டன; அம்மையார் குழுத் தலைமையை இழந்தார். பின்னர், பதிவு பெற்ற தாதியரே வாக்களித்து மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் நடந்தது. அந்த வாக்குரிமையை அவர்களுக்குத் தேடித் தந்தவர்களில் முதல்வர் அம்மையார். அவர்களோ அவரைத் தோற்கடித்தார்கள். அதன்பின் அவர் மன்றத்திற்குத் திரும்பவே இல்லை.

அவர்மீது குறை இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. தாதித் தொழில் நற்குடும்பத்துக் கல்வியுள்ள பெண்களுக்கே உரியது என்னும் எண்ணம் அவரிடம் ஆழ்ந்திருந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண் மூன்றாண்டுப் பயிற்சியைத் தாங்குவது எப்படி என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1943-இல், குறுகிய பயிற்சி பெற்ற துணைத் தாதியருக்கு ஒரு தனி ஏடு வைக்கச் சட்டம் வந்தபோது, 86 வயதிலும் அவருடைய இதழ் அதை எதிர்த்தது. தராதரத்தைக் காக்கும் சுவரும், பிறரை வெளியே நிறுத்தும் சுவரும் ஒரே சுவர்தான். அதை எவ்வளவு உயரம் எழுப்புவது என்னும் வழக்கு அன்றும் தீரவில்லை. தாதியர் தட்டுப்பாடு பற்றிப் பேசப்படும்போதெல்லாம் இன்றும் எழுகிறது.

எஞ்சிய ஆண்டுகளை விரைந்து சொல்லலாம். 1925-இல் முதல் அரசுத் தேர்வு நடந்தது. 1926-இல் 1,00,000 பவுன் நன்கொடையைக் கொண்டு பிரிட்டிஷ் தாதியர் கலாசாலை என்னும் அமைப்பை அம்மையாரும் கணவரும் தொடங்கினர், போட்டியில் அது தழைக்கவில்லை, 1956-இல் கலைக்கப்பட்டது. முதுமையில் தம்பதியர் பிரிந்து வாழ்ந்தனர். கணவர் 1939-இல் மறைந்தார். அம்மையார் 1947-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள், 90-ஆம் வயதில் காலமானார்.

நம் நாட்டின் செய்தியையும் சொல்லிவிடுகிறோம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது. ஆனால் சட்டப்படியான பதிவு 1926-ஆம் ஆண்டின் சென்னை தாதியர், மருத்துவச்சியர் சட்டத்தால்தான் வந்தது. இவ்வகையில் இந்தியாவிற்கு வழிகாட்டியது நம் மாகாணமே. பிற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அதனால் முன்பு இங்கிலாந்தில் மருத்துவமனைக்கு மருத்துவமனை இருந்த வேறுபாடு, இங்கே மாகாணத்திற்கு மாகாணம் என்றாயிற்று. சென்னையிற் பயின்றவரைப் பம்பாய் ஏற்குமா, பம்பாய்ச் சான்றிதழ் டில்லியிற் செல்லுமா என்பன புதிய கேள்விகள். இதற்கு விடையாக, அம்மையார் மறைந்த அதே 1947-ஆம் ஆண்டின் கடைசி நாளாகிய டிசம்பர் 31 அன்று இந்தியத் தாதியர் மன்றச் சட்டம் பிறந்தது. அங்கீகரிக்கப்பட்ட தகுதிகளின் அட்டவணை ஒன்று அதில் உண்டு. அதில் இடம்பெற்ற சான்றிதழ் எந்த மாநிலப் பதிவேட்டிற்கும் போதிய தகுதியாகும் என்று அச்சட்டம் விதித்தது. ஊர் மாறி வரும் நம் பெண்கள் மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்காமல், காகிதங்களை மட்டும் சுமந்து அலுவலகம் செல்வது இதனாலேயே. அச்சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் தேசியத் தாதியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தை இயற்றியிருக்கிறது.

லண்டன் மாநகரில், அப்பர் விம்போல் தெரு 20-ஆம் எண் இல்லத்தின் சுவரில், 1999-இல் ஒரு நீல வட்டப் பலகை பதித்தனர். பெட்போர்டு பென்விக் அம்மையார், தாதியர் துறைச் சீர்திருத்தவாதி, 1887 முதல் 1924 வரை இங்கு வாழ்ந்தார் என்னும் செய்தி அதிலுள்ளது.